ஒரே கட்டி, இரண்டு முகம்

கொஞ்சம் கனமான விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

மலக்குடல் புற்றுநோய் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. ரத்தம் போனால் "மூலமாத்தான் இருக்கும்" என்று கருணைக்கிழங்கு லேகியத்தோடு ஆறு மாதம் ஓடிவிடும். கடைசியில் பயாப்ஸி எடுத்து, அதில் 'மானெக்' என்றோ 'மைனென்' என்றோ எழுதியிருந்தால், ஊரிலிருக்கும் அண்ணன் ரிப்போர்ட்டை நமக்கு அனுப்பி "இது என்னடா?" என்று கேட்பார். அந்தப் பெயரின் கதை தெரிந்தால், டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதும் தெரியும்.

கதை 1907-இல் ம்யூனிக்கில் ஆரம்பிக்கிறது. சிறுகுடலில் கண்ட சில சின்னக் கட்டிகளுக்கு ஸீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் என்ற பெத்தாலஜிஸ்ட் 'கார்சினாய்ட்' என்று பெயர் வைத்தார். புற்றுநோய் மாதிரி, ஆனால் ஆபத்தில்லாதது என்று பொருள். 1929-இல் அவரே, இவற்றில் சில பரவவும் கூடும் என்று திருத்தி எழுதினார். யூதர் என்பதால் 1933-இல் அவர் வேலை பறிபோனது. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்து, 1944-இல் அங்கேயே இறந்தார். அவரும் நம்மைப்போல ஊர் விட்டுப் போனவர்தான், ஆனால் விரும்பிப் போகவில்லை.

கார்சினாய்டும் சாதாரணக் குடல் புற்றுநோயும் ஒரே கட்டிக்குள் இருப்பதை 1924-இலேயே கார்டியே என்பவர் எழுதிவிட்டார். இரண்டு கட்டிகள் பக்கத்தில் வளர்ந்து மோதிக்கொண்டனவா, ஒரே கட்டிக்குள் இரண்டு வகை கலந்ததா, ஒரே செல்லே இரண்டு வேலையும் செய்கிறதா என்று 1987-இல் லெவின் மூன்றாகப் பிரித்தார். வழக்கமான சாயத்தில் மட்டும் பார்த்தால் இரண்டாவது முகம் தெரியாமலே போகலாம். சினாப்டோஃபைசின், குரோமோக்ரானின் என்ற புரதங்களைத் தேடும் ஐ.எச்.சி. பரிசோதனை வந்த பிறகுதான் விஷயம் தெளிவானது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் 'மானெக்' என்று பெயரிட்டு, இரண்டு பகுதியும் தலா 30 சதவீதமாவது இருக்கவேண்டும் என்றது. 2019-இல் ஜீரண உறுப்புகள் முழுவதற்கும் 'மைனென்' என்ற பொதுப்பெயர் வந்தது.

இனி நம்ம பெங்களூர். ஓசூர் ரோட்டில் இருக்கும் கித்வாய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் குறைவு. "கித்வாய்க்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றால் மேலே விளக்கம் வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். 1973-இல் ஆரம்பித்தது, 1980-இல் மண்டலப் புற்றுநோய் மையமானது. 1982-இல் சென்னையோடு பெங்களூரிலும் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. பெங்களூர்ப் பதிவேட்டை வைத்திருப்பது கித்வாய், சென்னையில் அடையாறு. பதிவேட்டில் ஒரு நோய் எந்தப் பெயரில் ஏறுகிறதோ அந்தப் பெயரில்தான் எண்ணப்படும். ஆகவே ஒரு முகத்தை மட்டும் பார்த்து எழுதிய ரிப்போர்ட் நோயாளியோடு நிற்பதில்லை, கணக்கையும் மாற்றிவிடுகிறது.

சிகிச்சையில்தான் இது உறைக்கும். பரவாத கட்டிக்கு ஆபரேஷன் முக்கியம். ஆனால் கீமோ எது என்பதைப் பெரும்பாலும் எந்தப் பகுதி அதிக மூர்க்கமானது என்பதுதான் முடிவு செய்கிறது. மூர்க்கமான நியூரோஎண்டோகிரைன் பகுதி என்றால் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபொசைடு, இது நுரையீரலின் ஸ்மால் செல் புற்றுநோயிலிருந்து வாங்கிய வழி. சாதாரணக் குடல் புற்றுநோய்ப் பகுதி என்றால் ஆக்ஸாலிபிளாட்டின், 5-எஃப்.யூ. மாதிரி. இவ்வளவு அபூர்வமான நோய்க்குப் பெரிய ஆராய்ச்சிகள் நடத்த ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடன் வாங்கல்.

எனவே அண்ணன் ரிப்போர்ட் அனுப்பினால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்:

ஐ.எச்.சி. செய்தார்களா? கி-67 எத்தனை சதவீதம்? ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு? வேறு இடத்துக்குப் பரவியிருந்தால், அங்கே இருப்பது எந்த வகை? பயாப்ஸியில் கிள்ளி எடுப்பது சின்னத் துண்டுதான், ஒரு முகம் மட்டும் சிக்கியிருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு முழுக் கட்டியையும் பார்த்த ரிப்போர்ட்டில் பெயர் மாறினால் பதறவேண்டாம், சிகிச்சையும் மாறுமா என்று கேளுங்கள்.

மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி ஃபைலோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பார்ப்பதற்கு அவைதான் வேண்டும், வெறும் பேப்பர் போதாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது, கூச்சப்படாமல் "ரத்தம் ஏதும் போகுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.