கை காட்டியதிலிருந்து எல்.இ.டி வரை: பைக்கின் பின்பக்க வரலாறு

புனேயில் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம். அதில் நாலைந்து பையன்கள் பழைய பைக்குகளை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்க்கிங்கில் உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருப்பார்கள். "சார், இண்டிகேட்டர், டெயில் லைட் எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடலாமா?" என்று போன வாரம் கேட்டார்கள். பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் எனக்குப் பழைய வண்டிப் பைத்தியம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், மாற்றலாம். ஆனால் அந்த விளக்குகள் எதற்காக வந்தன, நம் நாட்டில் எவ்வளவு தாமதமாக வந்தன என்று தெரிந்துகொண்டு மாற்றினால் நல்லது. அதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் விளக்கே கிடையாது, கைதான். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். வலது பக்கம் திரும்ப வலது கையை நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப அதே கையைச் சுழற்ற வேண்டும். நிற்கப் போகிறோம் என்றால் கையை உயர்த்த வேண்டும். கவனித்தீர்களா, எல்லாமே வலது கை. இந்த வழக்கம் உருவானபோது மனதில் இருந்தது காரின் வலப்பக்க ஜன்னல். பைக்கில் வலது கை என்ன செய்துகொண்டிருக்கிறது? ஆக்ஸிலேட்டரையும் முன் பிரேக்கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. "நிற்கப் போகிறேன்" என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல, பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும்! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவுகூட சைகையை முதலில் வைத்து, அதை இயந்திர அல்லது மின்சாரக் கருவியாலும் காட்டலாம் என்று விலக்கு மாதிரிதான் சொல்கிறது.

வெளிநாட்டில் கதை வேறு. அமெரிக்காவில் ப்யூக் கார்களில் 1939-லேயே மின்னும் இண்டிகேட்டர் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே 1973 ஜனவரி முதல் கட்டாயம். இங்கே? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து புல்லட் செய்ய ஆரம்பித்தது. அந்தப் பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் குட்டியாக இரண்டு விளக்கு இருக்கும். பார்க்கிறவர்கள் இண்டிகேட்டர் என்று நினைப்பார்கள். அது வெறும் பைலட் விளக்கு. திரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்கூட்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். நான் இப்போது இருக்கும் ஊரிலேயே, ஆகுர்டியில் பிறந்த பஜாஜ் சேத்தக் 1972-ல் வந்தது. பேட்டரி இல்லாத பழைய ஸ்கூட்டர்களில் என்ஜின் சுற்றினால்தான் விளக்கு. வேகமாகப் போனால் பளிச்சென்று எரியும், சிக்னலில் நின்றால் மங்கிவிடும். எப்போது பின்னால் வருபவருக்கு நாம் தெரிய வேண்டுமோ, சரியாக அப்போது! புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் என் கருத்து: வாசலில் வரிசை நிற்கும்போது எந்தக் கம்பெனியும் நாலு இண்டிகேட்டரைக் கூடுதலாக வைத்து விற்க யோசிக்காது. போட்டி வந்தால்தான் விளக்கு வரும். அப்படித்தான் வந்தது. 1980-களின் நடுவில் ஜப்பான் கூட்டு வந்தது. ஹோசூரிலிருந்து இண்ட்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100. நாலு மூலையிலும் ஆரஞ்சு இண்டிகேட்டர் என்பது நம் தெருக்களில் சாதாரணமானது இவற்றுக்குப் பிறகுதான்.

ஆனாலும் உள்ளே இருந்தது பல்புதான். பல்பு என்றால் கம்பி, கம்பி என்றால் அதிர்வில் அறுந்துபோகும். அதிலும் ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு!

திண்டுக்கல்லில் என் சித்தப்பா ராஜ்தூத் வைத்திருந்தார். 1991-ல் ஒரு ராத்திரி வத்தலகுண்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி தட்டிவிட்டது. லாரிக்காரர் ஓடவில்லை, அவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "லைட்டே இல்லீங்க, ஆளு இருக்கறதே தெரியல" என்று அழுதாராம். டெயில் பல்பு எப்போது போனதோ, சித்தப்பாவுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். டெயில் லைட் அடுத்தவனுக்காக எரிகிற விளக்கு, நம் கண்ணில் படவே படாது. சித்தப்பா பிழைத்துக்கொண்டார், இடது கால் மட்டும் இன்றுவரை சற்று இழுக்கும். அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. எல்.இ.டி பற்றி யார் "சும்மா பந்தாவுக்கு" என்று சொன்னாலும் எனக்கு அந்த ராஜ்தூத்தான் ஞாபகம் வரும்.

சரி, எல்.இ.டிக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.இ.டியை 1962-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். ஆனால் பிரகாசம் போதாது. 1970-களில் கால்குலேட்டரிலும் கைக்கடிகாரத்திலும் சிவப்பு எண்ணாகத் தெரிந்ததோடு சரி. பிரகாசமான சிவப்பும் ஆரஞ்சும் 1990-ஐ ஒட்டித்தான் வந்தன. வெள்ளை இன்னும் தாமதம், ஏனென்றால் அதற்கு நீலம் வேண்டும். பிரகாசமான நீலத்தை நிச்சியா கம்பெனியின் நகமுரா 1993-ல் கொண்டுவந்தார். அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் அதற்காக 2014-ல் நோபல். வண்டிகளில் டெயில் லைட் முதலில் மாறி, ஹெட்லைட் கடைசியில் மாறியதற்குக் காரணம் இந்த நிற வரிசைதான். இந்தியாவில் அதைச் சாமானியன் வண்டிக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது பல்சர். 2006-ல் வந்த மாடலில் பின்னால் இரண்டு சிவப்புக் கோடுகள், ஞாபகம் இருக்கிறதா?

இதில் அழகைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பல்பின் கம்பி சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்.இ.டிக்கு அந்தத் தாமதம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 விநாடி என்பது 3.3 மீட்டர். அதாவது பின்னால் வருபவருக்கு ஒன்றரை பைக் நீளம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இப்போது பையன்கள் செய்கிற வேலைக்கு வருகிறேன். பழைய ஃப்ளாஷருக்குள் இருப்பது சூடானால் வளையும் தகடு. இரண்டு 10 வாட் பல்பு இழுக்கிற கரன்ட்டில் சூடாகி வளைந்து இணைப்பை விடும், ஆறியதும் மறுபடி சேரும். அந்த டிக் டிக் சத்தம் இதுதான். எல்.இ.டி ஒரு வாட், இரண்டு வாட்தான் எடுக்கும். தகடு சூடாகாது, விளக்கு மின்னாமல் நின்று எரியும். சில ஃப்ளாஷர்களில் இதற்கு நேர்மாறாகப் படபடவென்று அடிக்கும். நிமிடத்துக்கு 60-லிருந்து 120 தடவை என்பதுதான் எல்லா நாட்டிலும் பழகிப்போன தாளம். இதைச் சரிசெய்யக் கடையில் ரெசிஸ்டர் கொடுப்பார்கள். கரன்ட் மிச்சம் பிடிக்க எல்.இ.டி போட்டு, மிச்சம் பிடித்ததை ரெசிஸ்டரில் சூடாக எரிப்பது என்ன கணக்கு? எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார் :-) எல்.இ.டிக்கென்றே எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அடுத்தது பலருக்குப் புரியாத கோளாறு. இடது போட்டால் வலதும் சேர்ந்து மின்னுகிறது என்பார்கள். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அடையாள விளக்கு இருக்கிற வண்டிகளில் இது வரும். அந்தக் குட்டி பல்புக்கு எர்த் எதிர்ப்பக்கத்து இண்டிகேட்டர் வழியாகத்தான் கிடைக்கிறது. அந்தத் துளி கரன்ட்டுக்குப் பழைய பல்பு எரியாது, எல்.இ.டி எரிந்துவிடும். இரண்டு டயோடு போட்டால் தீர்ந்தது. போடாமல் ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாது. அதற்குக் கை காட்டிய காலமே மேல்.

டெயில் லைட்டில் பழைய பல்பு 5/21 வாட். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு கம்பி, மங்கலானது டெயிலுக்கு, பிரகாசமானது பிரேக்குக்கு. அதன் அடியில் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, கவனித்துப் பாருங்கள். தலைகீழாக மாட்டி டெயிலும் பிரேக்கும் இடம் மாறிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள். மலிவான எல்.இ.டி பல்புகள் கோட்டை விடுவது இங்கேதான். டெயிலும் பிரேக்கும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், பிரேக் பிடித்ததே தெரியாது. வாங்கும் முன் கடையிலேயே இரண்டையும் எரியவிட்டுப் பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி போட்டால் மங்கிப் போய் ரோஸ் கலராகத் தெரியும், அந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. சிவப்பு எல்.இ.டி போட்டால் பிரகாசம் சரி. ஆனால் அதே பல்புதான் கீழே நம்பர் பிளேட்டுக்கும் வெளிச்சம் தருகிறது என்றால் பிளேட் சிவப்பாகிவிடும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, நம்பரை வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும் என்கிறது. அடியில் தனியாக வெள்ளை எல்.இ.டி வைத்த பல்புகள் கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாட்டி முடித்தபின், இருட்டியதும் வேறு யாரையாவது வண்டியில் உட்கார வைத்து பிரேக் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் முப்பது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். நேராக மட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் சாய்வாக நின்றும் பாருங்கள். பல்பு எல்லாத் திசையிலும் வெளிச்சம் கொடுக்கும், சில எல்.இ.டிகள் நேராக மட்டுமே கொடுக்கும்.

ஹெட்லைட்டை எல்.இ.டியாக மாற்றி எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கிற கூத்து தனிக் கதை. அது இன்னொரு நாள்.