குறிஞ்சிப்பிட்டி மழையும் 1990 ஒக்டோபரும்

பாலாவியில் கல்பிட்டி வீதிக்குத் திரும்பும்போதே வானம் கறுத்துவிட்டது. "மச்சான், நுரைச்சோலை தாண்டுறதுக்குள்ள கொட்டும்" என்றான் பின்னால் இருந்த நண்பன். கொட்டியது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். காற்று பைக்கையே சரிக்கப் பார்த்தது. போன் இரண்டையும் பொலித்தீன் பையில் சுற்றியதைத் தவிர வேறு ஒரு ஆயத்தமும் எங்களிடம் இல்லை. குறிஞ்சிப்பிட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம்.

நான் மழையைத் திட்டிக்கொண்டு நின்றேன். அவன் சொன்னான்: "எங்கட உம்மா இப்படி ஒரு மழையிலதான் போட்டுல வந்தவ."

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் வெறும் 2 மணித்தியாலம். மன்னார் தீவில் இருந்தவர்களுக்குச் சில நாட்கள் கிடைத்தன. ஆனால் அவர்களுக்குக் கடல்தான் வழி. எருக்கலம்பிட்டியிலிருந்து கல்பிட்டிக்கு நேர்கோட்டில் 90 கிலோமீற்றர் அளவில் இருக்கும். பெரிய தூரமில்லைதான். ஆனால் அது மழைக்காலம் தொடங்குகிற நேரம். மீன்பிடி வள்ளத்தில் பிள்ளைகள், கிழடுகள், கர்ப்பிணிகள். அவனுடைய உம்மாவுக்கு அப்போது 9 வயது. அவவுக்கு ஞாபகம் இருப்பது வள்ளத்துக்குள் நிறைந்த மழைத்தண்ணியைச் சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றியது மட்டும்தானாம்.

இந்தக் கரைக்கு முன்னரும் ஒருவர் எதிர்பாராமல் வந்திருக்கிறார். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று புத்தளத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அது எங்கள் புத்தகத்தில் இருந்தது. 1990இல் வந்தவர்களைத் தள்ளியது காற்றில்லை, அது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் இந்தக் கதை வந்தால் பேச்சு சட்டென்று வேறு பக்கம் போய்விடும்.

வந்தவர்களைப் புத்தளத்துச் சனம் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏற்றுக்கொண்டது. பிறகு கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. கிணறும் வேலையும் இரண்டு சனத்துக்கும் போதாமல் மனக்கசப்பும் வந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. பேராதனைப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தானும் எருக்கலம்பிட்டிக்காரர், இழந்த வீடு, காணி, தொழில் எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதினார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். 12 வருசம் கழித்து. அதற்குள் இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போய் நிலைத்தவர்கள் ஒரு பகுதிதான்.

மழை விட ஒரு மணித்தியாலம் ஆனது. அவன் வீட்டில் உம்மா காய்ந்த சாரமும் துவாயும் தந்து, பிளேன்டீ ஊற்றினா. "மகன் எந்த ஊர்?" என்று கேட்டா. சொன்னேன்.

கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "அங்கயும் மழையா மகன்?"