அடித்த கணக்கும் நின்ற இடமும்

அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பேஸ்பால் ஆட்டத்திற்கென ஒரு புகழ்மன்றம் உண்டு. ஓய்வு பெற்ற ஆட்டக்காரருள் சிறந்தாரைப் பத்திரிகை எழுத்தாளர்கள் வாக்களித்து அதில் சேர்ப்பர். 1954-ஆம் ஆண்டில் அவர்கள் தேர்ந்த மூவருள் பில் டெர்ரி என்பவர், சராசரியாக ஆயிரம் வாய்ப்புக்கு 341 முறை வெற்றியாகப் பந்தை அடித்தவர். ராபிட் மரான்வில் என்பவரோ 258 முறையே அடித்தவர். இவ்விருவர்க்கும் ஒரே பெருமை எங்ஙனம் பொருந்தும்?

டெர்ரி நின்றது முதல் தளத்தில். பிறர் எறியும் பந்தைப் பற்றுவதே அங்கே தலையாய வேலை. மரான்வில் இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே, ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில் நின்றவர். அடிப்பவருள் பெரும்பாலோர் வலக்கையர் ஆதலின் பந்து அப்பக்கமே மிகுதியாக வரும். ஓடி மறித்து, நிலைகொள்ளுமுன் நெடுந்தொலைவு எறிதல் வேண்டும். அது வல்லார் சிலரே. ஆகவே அத்தகையவர் மட்டை சற்று மெலிந்திருப்பினும் அணி அவரை விடாது. கிரிக்கெட் அறிந்தோர் விக்கெட் காப்பாளரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இவ்வுண்மையை எண்கள் நெடுங்காலம் மறைத்தே வைத்தன. ஆட்டக் கணக்கைப் பட்டியலாக்கும் முறையைப் பரப்பியவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர். அடித்தவை அப்பட்டியலில் தெளிவாகத் தெரிந்தன. பந்து பிடிப்பதோ பெரும்பாலும் பிழைகளைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. எட்டாத பந்தை விட்டுவிட்டவனுக்குப் பிழை இல்லை. எட்டிப் பிடிக்க முயன்று நழுவ விட்டவனுக்குப் பிழை உண்டு! சோம்பலுக்குப் பரிசளிக்கும் கணக்கு என்றே இதனைக் கூறலாம்.

இதனை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் பில் ஜேம்ஸ். கான்சாஸ் மாநிலத்தில் உணவு டின் அடைக்கும் ஆலையில் இரவுக் காவல் புரிந்தவர்; 1977-இல் தம் முதல் ஆண்டுநூலைத் தாமே வெளியிட்டார். முதல் தளம், இடப்புறம், வலப்புறம், மூன்றாம் தளம், நடுப்புறம், இரண்டாம் தளம், ஷார்ட்ஸ்டாப் என எளிதிலிருந்து அரிது நோக்கி இடங்களை அவர் நிரல்படுத்தினார். வயது ஏற ஏற ஆட்டக்காரர் எளிய இடத்திற்கே நகர்வர் என்பதும் அவர் கண்டதே. ஷார்ட்ஸ்டாப்பாகப் புகழ் பெற்ற எர்னி பேங்க்ஸ் 1962-இல் முதல் தளத்திற்கு மாறியது இதற்குச் சான்று.

எனினும் இந்நிரல் என்றும் இவ்வாறே இருந்ததன்று. 1920-க்கு முன் ஹோம் ரன் அரிது. மட்டையால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவதே வழக்கம். அப்பந்தை நோக்கிப் பாய்ந்து எடுக்கவேண்டியவர் மூன்றாம் தளத்துக்காரர். எனவே அவ்விடம் கடினமானதாய் இருந்தது. அங்கே ஆடிய பிராங்க் பேக்கருக்கு ‘ஹோம் ரன்’ என்பதே பட்டப்பெயர். ஆயினும் ஓராண்டில் அவர் அடித்த உச்ச அளவு 12 தான். மறுபுறம், இரண்டாம் தளத்தில் நின்ற ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி 1924-இல் ஆயிரத்துக்கு 424 என்னும் வீதத்தில் அடித்தார். 1920-இல் பேப் ரூத் 54 ஹோம் ரன் அடித்த பின்னர் ஆட்டம் மாறலாயிற்று. தட்டிவிடுதல் குறைந்தது, ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் உத்தி பெருகிற்று. அதில் நடுவே நின்று பந்தை வாங்கித் திருப்பி எறிய வேண்டியவர் இரண்டாம் தளத்துக்காரர். இவ்வாறு இரு தளங்களும் மெல்ல மெல்லத் தம் நிலையை மாற்றிக்கொண்டன. ஆதலின் பேக்கரின் 12-ஐப் பிற்கால மூன்றாம் தளத்தாரின் கணக்கோடு நேருக்கு நேர் வைத்தல் தகாது.

ஓர் இடத்தில் ஆடுவோரின் சராசரியை மட்டும் அளவுகோலாகக் கொள்வதிலும் இடர் உண்டு. 1990-களின் இறுதியில் அலெக்ஸ் ரோட்ரிகஸ், டெரெக் ஜீட்டர், நோமார் கார்சியாபாரா எனப் பேரடி வீரர் மூவர் ஒரே காலத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினர். இத்தகையோர் பலர் ஒருங்கே வரின் சராசரி உயரும். அங்கே பந்து பிடிப்பது அதனால் எளிதாகிவிடாது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு இடங்களில் நின்றபோது எங்கே தடுமாறினார் என்று ஒப்பிடுவது இதனினும் நம்பத்தக்க வழி.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. சிகாகோ அணியில் மூன்றாம் தளத்தில் ஆடிய ரான் சாண்டோ, நீரிழிவு நோயோடு போராடியவாறே 342 ஹோம் ரன் அடித்தவர். பந்து பிடிப்பதற்கான தங்கக் கையுறை விருதை ஐந்து முறை பெற்றவர். முதல் தளத்தாரோடு வைத்தால் 342 பேரெண் அன்று. ஆனால் 1974-இல் அவர் ஓய்வு பெற்றபோது, மூன்றாம் தளத்தையே தம் இடமாகக் கொண்டவருள் அவரினும் மிகுதியாக அடித்தவர் எட்டி மாத்யூஸ் ஒருவரே. 512 அடித்த அந்த மாத்யூஸுக்கே ஐந்தாம் வாக்கெடுப்பில், 1978-இல்தான் புகழ்மன்றக் கதவு திறந்தது. 1980-இல் சாண்டோவின் பெயர் முதன்முதல் வந்தபோது நூற்றுக்கு ஐந்து வாக்கும் கிட்டவில்லை. எழுத்தாளர்கள் கடைசி வரை அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2010 டிசம்பரில் அவர் காலமானார். தனிக்குழு ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது 2011 டிசம்பரில்.