பன்னிரண்டு வயசின் சரித்திரம்

பிள்ளைகளின் மனநலத்தை ஆராய்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் அவர்களுடைய வாழ்க்கை அவர்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பதினோரு வயதில் இருக்கிற திருப்தி பதினைந்தில் இருப்பதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகக் குறைகிறது. உடம்பு மாறுகிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் சிலர். பரீட்சை, செல்போன் என்கிறார்கள் வேறு சிலர். இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கும் இருக்கிறதுதான். ஆனாலும் சேரிப் பிள்ளைக்கு அந்த வயசில் நடப்பதை உடம்பை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த வயசுக்கு இங்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் நடுவில் இருக்கும் பருவத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904ல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அதைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவம் என்று விவரித்தார். யாருக்கு அப்படி ஒரு பருவம் வாய்த்தது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் கிடைத்த பிள்ளைக்குத்தான் அது வாய்த்தது. வேலைக்குப் போன பிள்ளை குழந்தையாக இருந்து நேராகக் கூலியாளாகிவிட்டது. நம் தாத்தா பாட்டிகளிடம் அவர்களுடைய பன்னிரண்டு வயசைக் கேட்டால், என்ன வேலை செய்தார்கள் என்றுதான் சொல்வார்கள். மனசு எப்படி இருந்தது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

பிரெஞ்சுக் குடியரசு தன் நாட்டில் இதற்குச் சட்டம் போட்டது. 1882ல் 6 வயது முதல் 13 வயதுவரை படிப்பு கட்டாயம் என்றது. 1892ல் 13 வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பள்ளிச் சான்றிதழ் இருந்தால் 12. அதே கொடிதான் புதுச்சேரியிலும் பறந்தது. 1870களிலேயே இங்கிருந்த ஆண்களுக்கு ஓட்டு கொடுத்ததும் அதே குடியரசுதான். ஆனால் பிரான்சின் தொழிலாளர் சட்டங்கள் கடல் தாண்டி இங்கே வரவில்லை. சவானா, கப்ளே, 1898ல் தொடங்கிய ரோடியர் என்று மூன்று பஞ்சாலைகள் ஊரையே இழுத்துக்கொண்டிருந்தன. சேரிகளிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் சிறுவர்களும் விடியும் முன்னே சங்குச் சத்தத்துக்கு நடந்தார்கள். பிரான்சில் பள்ளிக்கூட வயசு என்று சட்டம் சொன்ன வயசு முதலியார்பேட்டையில் பஞ்சுத் தூசிக்குள்ளே கழிந்தது.

பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. 1820களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு ஒன்று, பறையர் பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்துத்தான் கல்வியைத் தொடங்கினார்கள். அது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சம்பாக் கோயிலுக்குள்ளேயே பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றதையும், அதை இடிக்கச் சொன்னபோது 1745ல் சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. சாமி கும்பிடுகிற இடத்தில் சுவர் கட்டினவர்கள் பாடம் படிக்கிற இடத்தில் கட்டாமல் இருப்பார்களா?

மில்லுக்குள்ளே மாற்றம் ரத்தம் சிந்தித்தான் வந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். 1937ல் வந்த தொழிலாளர் சட்டம் சங்கம் வைக்கும் உரிமையையும் எட்டு மணி நேர வேலையையும் கொண்டுவந்தது. ஜூலை 30ஐ நாம் தியாகிகள் நாளாக நினைக்கிறோம். அந்தப் போராட்டம் பெரியவர்களுக்குக் கூலியையும் நேரத்தையும் பெற்றுத் தந்தது என்று எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு அது என்ன தந்தது என்று யாரும் தனியாக எழுதவில்லை. அப்பனுக்கு வேலை நேரம் குறைந்து கூலி கொஞ்சம் நிலைத்த வீட்டில்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற நினைப்பே வந்தது.

பெண்பிள்ளையின் கதை இன்னும் ஒரு படி கீழே. 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கியது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. அங்கிருந்து இங்கே வந்து குழந்தைக் கல்யாணம் நடத்திக்கொண்டு போனவர்களும் உண்டு. சேரிப் பெண்ணுக்கோ வயசுக்கு வருவது என்பது குச்சுக்குள் உட்காரும் கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு மறுபடியும் நடவும் களையும், வீட்டில் தம்பி தங்கச்சியும், வயலிலும் தெருவிலும் ஆதிக்க சாதி ஆண்களின் கண்ணும்.

1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் பெருமளவில் வந்தார்கள். அதாவது, ஹால் எழுதிய அந்தப் பருவம் நமக்கும் கிடைத்தது. அது கிடைத்த வழியைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவதுவரை தெருவுக்குப் பக்கத்துப் பள்ளி. கூடப் படிப்பதெல்லாம் நம்ம தெருப் பிள்ளைகள். வாத்தியார் திட்டினாலும் அது எல்லாருக்கும் சேர்ந்த திட்டு. ஆறாவதுக்கு நகரத்தில் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போகிறோம். பல தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிற முதல் இடம் அதுதான். பதினோரு வயசில்தான் நம் பிள்ளை தன் பெயரைத் தவிர இன்னொரு பெயரும் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொள்கிறது.

எனக்கு அது ஏழாவதில் நடந்தது. உதவித்தொகைக்காக வகுப்பு ஆசிரியர் ஒரு தாளை எடுத்து, “எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு” என்றார். எட்டுப் பேர் எழுந்தோம். அதுவரை என்னோடு சோற்றைப் பகிர்ந்துகொண்டவன் அண்ணாந்து என்னைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டு மணிக்கு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த வருஷம் எனக்கு கணக்கில் மதிப்பெண் குறைந்தது. “வயசு அப்படி, வெளையாட்டுப் புத்தி” என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மாவும் நம்பினாள். உதவித்தொகை நம் உரிமை. அதை எழுந்து நிற்கவைத்துக் கொடுப்பது யாருடைய உரிமை?

இதை என் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் அவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, விடை கண்டுபிடித்தால் காசு என்றார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மற்ற சாதிப் பையன்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் செய்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பெயரையும் அப்பன் பெயரையும் சாதியையும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது தலித் பையன்கள் கண்டுபிடித்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. 2004ல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே பையன்கள், அதே மூளை, அதே வயசு. நடுவில் ஒரு வாசிப்பு மட்டும்தான் நடந்தது.

அம்பேத்கர் 1901ல் கோரேகாவுக்குப் போன பயணத்தை எழுதியபோது, ஒன்பது வயசுப் பையன் வண்டி கிடைக்காமல், தண்ணீர் கிடைக்காமல் தன்னைத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதினார். 1992ல் வந்த பாமாவின் ‘கருக்கு’ம் பள்ளிக்கூட வயசிலேயே அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. நம் தன்வரலாறுகள் பலவற்றில் இந்த வயசு ஒரு முடிச்சாக விழுந்து கிடக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது என்று அது சொன்னது. கயிறு கட்டுகிற பிள்ளைக்கும் அதே பன்னிரண்டு, பதிமூன்று வயசுதான். நம் பிள்ளை கூனிப்போவதற்குக் கற்றுக்கொள்கிற வயசில்தான் அவன் நிமிர்ந்து மிரட்டக் கற்றுக்கொள்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத மனநல ஆலோசனை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறது.

சட்டமும் முழுதாக நம் பக்கம் நிற்கவில்லை. 2010ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை கட்டாயக் கல்வி என்றது. பிரான்ஸ் 1882ல் சொன்னதை நாம் கேட்க 128 வருஷம் ஆனது. 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றார்கள். குடும்பத் தொழில் என்றால் நம் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தெரியாதா?

ரோடியர் மில் ஏ.எஃப்.டி. ஆகி, 2020ல் அதுவும் மூடப்பட்டது. சங்குச் சத்தம் நின்றுவிட்டது. தெருவில் மாலை வகுப்பு எடுக்கும்போது நான் பார்க்கிறேன்: ஐந்தாவது படிக்கும் பெண் கேள்விக்குப் பாய்ந்து பதில் சொல்கிறாள், எட்டாவது போனதும் அதே பெண் பின்சுவரில் சாய்ந்து உட்காருகிறாள். “என்னம்மா ஆச்சு?” என்றால் “ஒண்ணுமில்லண்ணா” என்கிறாள். அந்த ‘ஒண்ணுமில்ல’வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பொறுமை நமக்கு வேண்டும். புதுச்சேரிப் பள்ளிகளிலும் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்கக் கூடாது என்று ஆணை கேட்டு நாம் மனு போட வேண்டும். அதோடு, தோழர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பன்னிரண்டு வயசை எழுதுங்கள். எந்த வகுப்பில், எந்த வேலையில், யார் வாயிலிருந்து உங்கள் சாதி உங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள். ஆலைக் கணக்கிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லாத அந்தச் சரித்திரத்தை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.