லெ ழாந்தீல் முதல் என் கெண்டைக்கால் வரை

போன மாதம் என் இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்துவிட்டது. நான் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, விழவும் இல்லை. துலூஸில் இருக்கும் மகன் அனுப்பிய மசாஜ் கருவியால் எனக்கு நானே செய்துகொண்ட வேலை அது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். முனையில் ஒரு ரப்பர் உருண்டை. பொத்தானைத் தட்டினால் டொக் டொக்கென்று சதையில் அடிக்கும். சுகமாகத்தான் இருந்தது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் அது தானாக நின்றுவிடும். நான் மறுபடி தட்டிவிடுவேன்.

கூட வந்த தாள் பிரெஞ்சில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முப்பத்தைந்து வருஷம் கோப்பு படித்துச் சம்பளம் வாங்கியவன், அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வைக்கலாம், டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். நாலு வருஷமாகச் சாப்பிடுகிறேன். "அப்ப உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

கிளார்க் புத்தி சும்மா இருக்குமா? எந்த விஷயத்துக்கும் பழைய கோப்பு எது என்று தேடும். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்ற கேள்வி எப்போது பிறந்தது என்று தேடினேன். முதல் கோப்பே நம் புதுச்சேரிப் பக்கம் கொண்டுவந்து விட்டது.

மசாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். 'மஸ்ஸே' என்ற வினைச்சொல் அச்சில் முதலில் தென்படும் இடமாகப் பிரெஞ்சு அகராதிகள் காட்டுவது, 1779-இல் வெளிவந்த கியோம் லெ ழாந்தீலின் இந்தியக் கடற்பயணப் புத்தகத்தை. வேர் அரபு என்கிறார்கள். தொடுவது என்று அர்த்தம். இந்த லெ ழாந்தீல் யார் தெரியுமா? சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறிய வானியலாளர். 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்ததைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, இங்கேயே வானோக்கு நிலையம் அமைத்து, 1769 ஜூனில் தயாராக நின்றார். அன்று மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பினால், செத்துப்போனவர் கணக்கில் எழுதி வைத்திருந்தார்களாம். வெள்ளி கிடைக்காத மனிதரிடமிருந்து உலகத்துக்கு இந்த ஒரு சொல்லாவது கிடைத்தது.

சொல் புதிது என்றாலும் வேலை பழையது. நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். ஐரோப்பாவில் ஸ்வீடன்காரர் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிறகு ஆம்ஸ்டர்டாம் டாக்டர் மெட்ஸ்கர் பிடித்துவிடும் முறைகளை வகை பிரித்தார். டச்சுக்காரர்தான், ஆனால் வைத்த பெயரெல்லாம் பிரெஞ்சு: எஃப்லராழ், பெத்ரிசாழ், ஃப்ரிக்சியோன், தப்போத்மான். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல். ரொட்டிக்கடைக்காரர் மாவு பிசைவதற்கும் இதே 'பெத்ரீர்'தான். இதெல்லாம் கை செய்கிற வேலை. கை களைத்தால் நின்றுவிடும். எவ்வளவு நேரம் என்று யாரும் தனியாக எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

இயந்திரம் வந்ததும் கதை மாறுகிறது. 1734 வாக்கில் அபே தெ சேன் பியேர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தபால் வண்டியில் போனால் உடம்பு குலுங்கி நல்லது செய்கிறது என்று நம்பி, வீட்டிலேயே குலுங்க ஒரு நாற்காலிக்கு யோசனை சொன்னார். பெயர் 'த்ரெமுசுவார்'. வகுப்பில் நெளிந்தால் எங்கள் வாத்தியார் அதட்டும் வார்த்தையும் இதே வேரில் பிறந்ததுதான். 1865-இல் ஸ்டாக்ஹோமில் குஸ்தாவ் சாண்டர் இயந்திரங்களாலேயே நடக்கும் ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார். 1880-களில் லண்டன் டாக்டர் மார்ட்டிமர் கிரான்வில் நரம்பு வலிக்காக ஒரு தட்டும் கருவி செய்தார். பெயர் 'பெர்குதேர்'. அதுவும் பிரெஞ்சுதான். என் மகன் அனுப்பியது இதன் பேரப்பிள்ளை.

என்னைத் தொட்டது 1892-இல் பாரிஸ் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் நடந்தது. ழான் மர்த்தேன் ஷர்கோ, அந்தக் காலத்து நரம்பு மருத்துவத்தின் பெரிய ஆசான். பார்க்கின்சன் நோயாளிகள் நீண்ட ரயில் பயணம், வண்டிப் பயணம் முடிந்து வந்தால் உடம்பு லேசாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னார்கள். பெரிய மனிதர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். மோட்டார் வைத்துக் குலுங்கும் நாற்காலி செய்தார். அளவும் வைத்தார்: தினம் ஒரு முறை, அரை மணி. தூக்கம் நன்றாக வந்தது, விறைப்பு குறைந்தது என்றார்கள். அடுத்த வருஷமே ஷர்கோ இறந்துபோனார், நாற்காலியும் மறந்துபோயிற்று. 2012-இல் அமெரிக்க டாக்டர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். குலுங்கிய நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் தேறினார்கள், குலுங்காத நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் தேறினார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினம் அரை மணி நிம்மதியாக உட்கார்ந்ததே பாதி மருந்தோ என்னவோ!

பிறகு மின்சாரம் வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கருவியும் பின்னாலேயே வந்தது. காது கேளாமை முதல் மலச்சிக்கல் வரை எல்லாம் தீரும் என்று மேல்நாடுகளில் விளம்பரம் போட்டார்கள். அமெரிக்காவில் 1938-இல்தான் இப்படிப்பட்ட சாதனங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அளவு சொல்ல டாக்டர் பக்கத்தில் இல்லாததால், தானாக நிற்கும் விசையைக் கருவிக்குள் வைத்தார்கள். கையின் களைப்பை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. அதைத்தான் நான் மறுபடி மறுபடி தட்டிவிட்டேன்.

முன்பெல்லாம் என் மனைவிதான் கால் பிடித்துவிடுவாள். ஐந்து நிமிஷம் ஆனால், "போதும், என் கை விட்டுப்போச்சு" என்று எழுந்துவிடுவாள். எனக்குக் கோபம் வரும். இரண்டு வருஷமாக அவள் விரல் மூட்டுகள் வீங்கிக் கிடக்கின்றன; அதனால்தான் மகன் கருவி அனுப்பினான். நாற்பது வருஷம் அந்தப் "போதும்" என் காலைக் காப்பாற்றியிருக்கிறது.

கருவியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன், கால்பந்து ஆடுகிறவன். கொடுப்பதற்கு முன் தாளைப் படித்தேன். அதோடு டாக்டர் சொன்னதையும் சேர்த்துத் தமிழில் எழுதி, பெட்டி மூடியில் ஒட்டினேன்:

ஒரு சதையில் ஒன்றிரண்டு நிமிஷம். மொத்தம் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாளுக்கு ஒரு தடவை போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் இன்னும் நல்லது. எலும்பின் மேல், கழுத்தில், புடைத்த நரம்பில் வைக்காதே. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கருவியைத் தொடாதே, டாக்டரிடம் போ. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தானாக நின்றால், நின்றதுதான்.

என் வயதுக்காரர்கள் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எத்தனை தடவை என்று கேட்பதற்கு முன், வைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எனக்கு நீலம் மஞ்சளாகி இப்போதுதான் மறைந்துகொண்டு வருகிறது. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் மெதுவாக நடக்கிறேன். வந்ததும் வெந்நீரில் அவள் விரல்களையும் என் கால்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் ஆறினால் எழுந்துவிடுவோம்.