சுவரில் முடிகிற இயந்திரம்

வீட்டு ஃப்ரிட்ஜும் ஸ்பிளிட் ஏசியும் செய்கிற வேலை ஒன்றுதான். கம்ப்ரஸர் அழுத்திய கேஸ் வெளியில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. மூடிய சுற்று அது. அதில் கேஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. பதினைந்து ஆண்டு ஓடிய ஃப்ரிட்ஜுக்கு ஒருமுறைகூட கேஸ் போட்டிராத குடும்பம், ஏசிக்கு மட்டும் இரண்டு கோடைக்கு ஒருமுறை கேஸ் போடுவதைச் சாதாரணச் செலவாக எடுத்துக்கொள்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் நாவலூர் அடுக்ககங்களில் இதைக் கேள்வி கேட்பவர் குறைவு. கேட்டால் விடை இந்த இயந்திரத்தின் வரலாற்றிலேயே கிடைக்கும். ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையிலேயே முழுமையாகிவிடுகிறது. ஸ்பிளிட் ஏசி அங்கே பாதிதான் முடிகிறது. மறுபாதி நம் வீட்டுச் சுவரில், ஏணியில் நிற்கும் ஒருவர் கையால் முடிகிறது. அவரையும் உற்பத்தியாளராக எண்ணாமல் விட்டதுதான் நாம் ஏசிப் பழுது என்று சொல்வதில் பெரும்பகுதிக்கு வேர் என்பது என் வாதம்.

மின்சாரம் வருவதற்கு வெகு முன்பே சென்னை குளிர்ச்சியை விலைக்கு வாங்கியது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்தார். அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஏசியின் திறனை இன்னும் பனிக்கட்டிக் கணக்கில்தான் அளக்கிறோம்: ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கிற வெப்பம், ஏறக்குறைய 3.5 கிலோவாட். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் நெளியாமலிருக்க வில்லிஸ் கேரியர் வகுத்த முறையிலிருந்து நவீன ஏசி வளர்ந்தது. அந்த வழியில் நம் ஊர் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வசதியான சில வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது விண்டோ ஏசி. அதைப் பொருத்த கேஸ் தெரிந்த ஆள் தேவைப்படவில்லை. கம்ப்ரஸர், இரண்டு காயில்கள், குழாய்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்டு, கேஸ் அடைக்கப்பட்டே வந்தன. சன்னல் கம்பியை அறுத்து மரச்சட்டம் அடிக்க ஒரு தச்சர், தனி லைன் இழுக்க ஓர் எலெக்ட்ரீஷியன் போதும். சத்தம் போட்டது, வெளிச்சத்தை மறைத்தது. ஆனாலும் கேஸ் ஒழுகக்கூடிய மூட்டு எதையும் வீட்டுக்கு வந்தவர் போடவில்லை.

அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரித்தது ஜப்பான். 1961-இல் டோஷிபா நிறுவனம் அங்கே ஸ்பிளிட் வகையைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் சுவரில் மாட்டும் மெல்லிய உள்பெட்டியை உருவாக்கியது. சத்தம் வெளியே போனது, சன்னல் மிஞ்சியது, சுவரில் மூன்று அங்குல ஓட்டை போதும் என்றானது. இந்த லாபத்துக்குக் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேச்சில்லை: இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே செம்புக் குழாய் இழுத்து, நான்கு முனைகளையும் வீட்டிலேயே மூட்ட வேண்டியதாயிற்று. நாவலூரில் ஸ்பிளிட் பரவியதற்கு வெயிலே காரணம் என்று சொல்லிவிடலாம்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நகரம் இது. வெயில் ஏசியை அழைத்தது உண்மை. எந்த ஏசி என்பதைத் தீர்மானித்தது கட்டடம். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது, தெற்கே சிறுசேரியில் சிப்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்தது, 2008-இல் சாலை ஆறு வழியானது. இடையில் இருந்த நாவலூரின் நிலங்களில் அடுக்ககங்கள் எழுந்தன. நகரும் கண்ணாடிச் சன்னல்களோடு கட்டிய அந்த வீடுகளில் விண்டோ ஏசிக்கு இடமே இல்லை. கடற்காற்று குறுக்கே ஓடிப் போக எதிர்ச் சன்னலும் பல அறைகளில் இல்லை.

இனி அந்த மறுபாதி வேலையைப் பார்ப்போம். குழாய் முனையைப் பிசிறின்றி வெட்டி, உள் விளிம்பைச் சீவி, புனல்போல் விரித்து, பிளேர் நட்டால் இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் கசியும். அதிகமானால் செம்பு கீறி, சில மாதம் கழித்துக் கசியும். பிறகு வேக்கம் பம்ப் வைத்துக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் பழைய பழக்கம் கெடுக்கிறது. ஆர்-22 கேஸ் காலத்தில் அவுட்டோரில் இருந்த கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். அன்றைய கனிம எண்ணெய் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ்களோடு வந்த செயற்கை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகும். அது கம்ப்ரஸரை உள்ளிருந்தே அரிக்கும். ‘இன்டோரில் தண்ணீர் சொட்டுகிறது’ என்ற புகாரையும் இப்படித்தான் படிக்க வேண்டும். நம் கடலோர ஈரத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீர் இறக்கக்கூடும். டிரெயின் பைப்புக்கு வாட்டம் இல்லாவிட்டால் சொட்டும். கேஸ் குறைந்து காயிலில் பனி கட்டினாலும் சொட்டும். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் அதே பனி, அதே சொட்டு. மூன்றில் இரண்டு, மாட்டிய நாளிலேயே விதைக்கப்பட்டிருக்கக்கூடியவை. கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் காசு வாங்கிக்கொண்டு நோயை அப்படியே விட்டுப் போகிறார்.

நாவலூரில் இது இன்னும் கூர்மையாகிறது. பல அடுக்ககங்களில் கட்டுநரே செம்புக் குழாயைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடுகிறார். வாங்கியவர் குடிவந்த பிறகே வேறொருவர் பெட்டிகளை மாட்டுகிறார். குழாய் எங்கே நசுங்கியது, முனை எத்தனை மாதம் திறந்து கிடந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. கசிந்தால் சுவரை உடைக்க வேண்டும். மென்பொருள் வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்களோ வீடு மாறும்போது ஏசியையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஓடும்போதே திரவ வால்வை மூடி, கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் வந்ததும் அடுத்ததையும் மூடும் ‘பம்ப் டவுன்’ சரியாக நடந்தாலும், புது வீட்டில் பழைய முனையையே மறுபடி இறுக்கினால் கசிவு வரும். ஒவ்வொரு வீடுமாற்றமும் ஒரு மறு உற்பத்தி.

கடல் உப்பும் சாக்கடை வாயுவும்தான் காயிலைத் தின்கின்றன, மாட்டியவரைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கடல்; அலுமினியத் தகடு பொடிவதும் செம்பு கறுப்பதும் இங்கே மெய். ஆனால் அரிப்புக்குப் பெரும்பாலும் சில ஆண்டுகள் பிடிக்கும், அது காயிலில் நடக்கும். முதல் கோடையிலேயே நட்டோரம் எண்ணெய்க் கறையோடு கசிவதை உப்பின் கணக்கில் எழுத முடியாது. இன்வெர்ட்டர் ஏசி தன் பழுதைத் தானே குறியீடாகக் காட்டுகிறதே என்பது இன்னொரு வாதம். போர்டு கேஸ் குறைந்ததைச் சொல்லலாம். எந்த மூட்டு, ஏன் என்பதைச் சொல்லாது. மாட்டுகிறவரின் அலட்சியம்தான் எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு ஏசிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, வேக்கம் பம்ப் ஓடுகிற அரை மணி நேரம் கையிலிருந்து போகிற பணம். ஏப்ரலில் அடுத்த வீட்டார் போனில் காத்திருக்கும்போது அவர் எதைச் சுருக்குவார் என்பது தெரிந்ததே.

2019-இல் இந்திய அரசு வெளியிட்ட குளிர்ச்சிச் செயல்திட்டம், 2022–23-க்குள் ஒரு லட்சம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக வைத்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கு இரண்டாண்டுப் படிப்பும் இருக்கிறது. மின்சிக்கனத்துக்கு 2010 முதலே பெட்டியில் நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த முத்திரை ஆய்வகத்தில் சரியாக மூட்டிய இயந்திரத்துக்குத் தந்த மதிப்பெண். நம் சுவரில் இருப்பதற்கு அல்ல. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் மூட்டு இப்போது பாதுகாப்பு விஷயமும் ஆகிவிட்டது. ஆகவே அவுட்டோர் பெட்டியின் மூடிக்குள் ஒரு சிறு அட்டை வேண்டும்: மாட்டியவர் பெயர், தேதி, வேக்கம் இறங்கிய அளவு, கூடுதலாக ஏற்றிய கேஸின் எடை. அதை நிரப்பும் அரை மணி நேரத்துக்கான கூலி ரசீதில் தனி வரியாக இருக்கட்டும். பத்தாவது மாடி விளிம்பில் நின்று அதைச் செய்கிறவருக்கான இடுப்புப் பட்டைச் செலவும் அதே ரசீதில் சேரட்டும்.