சுன்னாகத்து அழுத்தகமும் மட்டக்களப்பின் நூல்களும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் ஆசிரியரையும் புரவலரையும் விரிவாக ஆராய்ந்தனர். நூலை உருவாக்கிய அச்சகத்தையோ முன்னுரையின் நன்றிக் குறிப்போடு விட்டுவிட்டனர். நூலும் உழைப்பின் விளைவான பண்டமே என ஏற்பின், இவ்விடுபடல் சிறியதன்று.

வந்தாறுமூலையிலிருந்து நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தை 1964இல் வெளியிட்டது குரும்பசிட்டியின் ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றம். கிழக்கின் அறிவு, அச்சேறப் பிற இடங்களை நாடவேண்டியிருந்தது.

அம்மன்றம் யாருடைய நினைவைத் தாங்கியதோ அந்த நா. பொன்னையா, மடாதிபதியோ மிஷனரியோ அல்லர். சந்தையூரான சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்திய சிறு உடைமையாளர். 1930இல் அவர் தொடங்கிய ‘ஈழகேசரி’ இலங்கையர்கோன், சம்பந்தன், அ. செ. முருகானந்தன் முதலியோரின் எழுத்துக்கு இடமளித்தது. அவரே சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை 1937 முதல் 1948 வரை பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். மரபுவழிப் புலமையும் நவீன சிறுகதையும் ஒரே முயற்சியின் விளைபொருள்களாயின. இதற்கு அடித்தளமாக அமைந்தது, தமிழ்ப் பாடசாலைகள் உருவாக்கிய ஆசிரிய, மாணவ வாசகர் கூட்டமாகும். அக்கல்வி சாதி, வர்க்கத் தடைகளுக்குள் நின்றமையால் அவ்வாசகர் கூட்டமும் குறுகியதாகவே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

தனியொருவரின் முதலையும் முனைப்பையும் சார்ந்த முயற்சியின் வலிமை எதுவோ, அதுவே அதன் வரம்புமாகும். பொன்னையா 1951இல் மறைந்தார். ‘ஈழகேசரி’ 1958இல் நின்றது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் கிழக்கின் கிராமங்களில் புதிய வாசகரைத் தோற்றுவித்தன. வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளாகத்திலேயே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வாசகர் வரலாறு இவ்வாறு வளர்ந்திருக்க, இப்பிரதேசத்துக் குடும்ப அச்சகங்களின் வரலாறு எழுதப்படாதிருக்கின்றது. ஈய எழுத்துக் கோத்த கைகள் முதுமையடைந்துவிட்டன. கணக்கேடுகளும் வரவுசெலவுச் சீட்டுகளும் கறையானுக்கு இரையாகுமுன், அத்தொழிலாளரின் வாய்மொழியைப் பதிவுசெய்வது நம் உடனடிக் கடமையாகும். அவர்களின்றி எழுதப்படும் இலக்கிய வரலாறு, உழைத்தோரை நீக்கிய வரலாறாகவே எஞ்சும்.